வக்காலத்து யார் கொடுத்தது?

'வக்கீல்' அரபிச் சொல். பாரசீகம், உருது வழியாக நம் நீதிமன்றங்களுக்குள் வந்தது. ஒருவர் தன் காரியத்தை நம்பி ஒப்படைத்த ஆள் என்பது பொருள். ஆம்பூர், வாணியம்பாடி முஸ்லிம் திருமணங்களில் மணப்பெண்ணுக்கு ஒரு வக்கீல் உண்டு. அவர் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. சாட்சிகளோடு போய், அவள் சம்மதத்தைக் கேட்டுவந்து சபையில் சொல்கிறவர். கேட்காமல் சொன்னால் அவர் வக்கீலே இல்லை.

நாம் 'வழக்கறிஞர்' என்று தமிழாக்கினோம். பொருளே இடம் மாறிவிட்டது. வக்கீல் என்றால் யாருக்கு என்ற கேள்வி கூடவே வரும்; அது ஓர் உறவு. அறிஞருக்கு அப்படி யாரும் தேவையில்லை. அவர் அறிவால் அதிகாரம் பெற்றவர். 1961-ன் சட்டம் வக்கீல், பிளீடர், முக்தியார் என்ற படிகளை ஒழித்து ஒரே வகுப்பாக்கியது. பதவிப் பெயர் போயிற்று, பேச்சில் நிற்கிறது. (வழக்குரை காதையில் கண்ணகிக்கு வக்கீல் கிடையாது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.)

1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தோல் பதனிடும் ஆலைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வழக்காடியவர் எம்.சி. மேத்தா. மனுதாரர் வேலூர் குடிமக்கள் நல மன்றம். மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாடு அதில்தான் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக அறிவிக்கப்பட்டது. ஒவ்வொரு ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம். அந்தத் தீர்ப்பின் மதிப்பை நான் குறைக்கவில்லை. ஆனாலும் 2025 ஜனவரி 30-ல் இழப்பீட்டுக்காக அதே நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது.

டேனரியில் சுண்ணாம்புத் தொட்டி வேலை செய்த தலித் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "கேசு பாலாத்துக்கு நடந்துச்சு, கெணத்துக்கு நடந்துச்சு. எங்க காலு வெந்துச்சே, அதுக்கு யாரு சார் வக்கீலு?" மாசு என்ற சொல்லாடலுக்குள் ஆறும் நிலமும் வந்த அளவுக்கு அவர் உடம்பு வரவில்லை. டேனரியை மூடச் சொன்னபோதும், மூடாதே என்றபோதும் அவர் பெயரால் மற்றவர்கள்தான் பேசினார்கள்.

அவருக்குப் பதில் சொல்ல வாயெடுத்தேன். உடனே ஒரு வழக்குத்தொடர் உறுத்தியது. கோர்ட்டில் வக்காலத்து என்பது கட்சிக்காரர் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது. பேச்சிலோ 'அவனுக்கு நீ ஏன் வக்காலத்து வாங்குற?' என்கிறோம். அங்கே கொடுத்தவர் யாருமில்லை. வாங்கியவர் மட்டும் இருக்கிறார். தலித் மக்களைப் பற்றி, தொழிலாளர்களைப் பற்றி நாம் இந்தப் பக்கங்களில் எழுதுவதில் பெரும்பகுதி இந்த இரண்டாம் வகை வக்காலத்துதான். நானும் விதிவிலக்கல்ல.

எழுதாதிருப்பது தீர்வல்ல. அந்த நிக்காஹ் வக்கீல் செய்கிற எளிய காரியம் ஒன்று இருக்கிறது. முதலில் போய்க் கேட்க வேண்டும். 'வேணாம்' என்று சொன்னால், அதையும் சபையில் வந்து சொல்ல வேண்டும்.