மறைவில் பாடப்படும் ஞானப்பாட்டுகள்: ஒரு திறனாய்வு

திருச்சபையின் இசையைப்பற்றி இறையியல் ஏடுகளில் வெளிவரும் கட்டுரைகள் பெரும்பாலும் சபையார் எவற்றைப் பாடவேண்டும் என்பதையே ஆராய்கின்றன. அவர்கள் எவற்றை விரும்பிப் பாடுகின்றனர், அவற்றுள்ளும் எவற்றை ஆயரின் செவிக்கு எட்டாதவாறு பாடுகின்றனர் என்பதை ஆராய முற்பட்டோர் மிகச் சிலரே. இவ்விரண்டாம் கேள்வி அற்பமானதென்று ஒதுக்கத்தக்கதன்று என்பது நம் துணிபு.

ஆயர் பணியில் உள்ளோர் யாவரும் இதை அறிவர். ஞாயிறு ஆராதனையின் பாட்டுப் பலகையில் பல ஆண்டுகளாக இடம்பெறாத ஒரு பழைய பாட்டு, நோயாளியின் கட்டிலருகிலும் இழவு வீட்டின் முற்றத்திலும் தயக்கத்தோடு கேட்கப்படுகிறது. கேட்பவர் "இது பழைய பாட்டுதான், ஐயா, தப்பாக எண்ணாதீர்கள்" என்று முன்னுரை கூறியே கேட்கிறார். இறையியல் மாணவரிடத்தும் இந்நிலையைக் காணலாம். மொழிபெயர்ப்புப் பாட்டுகள் அந்நியப் பண்பாட்டின் எச்சம் என்று வகுப்பில் கட்டுரை வாசிப்பவர், மாலையில் விடுதி அறையில் தனித்திருக்கும்போது அப்பாட்டுகளுள் ஒன்றையே முணுமுணுக்கிறார். நேசிக்கும் பாட்டைக் குறித்து விசுவாசி ஏன் நாணவேண்டும்? அந்த நாணம் நற்செய்தியினால் விளைந்ததா, அல்லது கற்றோரின் சுவை மாற்றத்தினால் விளைந்ததா? இதுவே இக்கட்டுரையின் கேள்வி.

1. ஒரு மலைத்தொடரும் மூவகை இசையும்

இக்கேள்விக்கு விடை தேடப் பழனி மலைத்தொடர் நமக்கு ஏற்ற களமாகும். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தோர், சமவெளியில் காய்ச்சலுக்கும் பிற நோய்களுக்கும் தங்கள் குடும்பத்தாரைப் பலிகொடுத்தபின், 1845இல் கோடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினர். நாளடைவில் பல மிஷன்களின் ஊழியரும் கோடைக்காலத்தில் அங்கே கூடினர். ஆங்கில ஆராதனைகள் நடைபெற்றன. 1884இல் தூய பேதுரு ஆலயம் எழும்பியது. 1901இல் மிஷனரிப் பிள்ளைகளுக்கான பள்ளி தோன்றியது. தாய்நாட்டின் ஞானப்பாட்டுகள் தாய்மொழியிலேயே அம்மலையில் ஒலித்தன.

அதே மிஷனின் மற்றொரு முயற்சியும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. மலையில் வீடுகள் எழுந்து எட்டு ஆண்டுகள் கழித்து, 1853இல், மதுரை மிஷன் ஊழியர் எட்வர்ட் வெப் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். அவற்றுள் பெரும்பான்மையானவை தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) இயற்றியவை. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற அமைப்பும், இராகமும் தாளமும் உடைய தமிழ்ப் பாட்டுகள் சபையின் பொது வழிபாட்டிற்கு உரியவை என்று அம்மிஷன் ஏற்றுக்கொண்டது.

மூன்றாவது இசை, மலையடிவாரத்து மக்களுடையது. தைப்பூசத்திற்கும் பங்குனி உத்திரத்திற்கும் பழனிக்கு நடந்துசெல்வோரின் காவடிச் சிந்து, வயற்காட்டுத் தெம்மாங்கு, சாவு வீட்டு ஒப்பாரி, பறை முழக்கம் ஆகியவை அதில் அடங்கும். கிறிஸ்தவர்களானோர் இவற்றைச் சபை வாசலுக்கு வெளியே விட்டுவரும்படி எதிர்பார்க்கப்பட்டனர். ஆயினும் ஒரு மெட்டைக் காது மறப்பது எளிதன்று.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். சமவெளியில் தமிழ் இசைக்கு இடமளித்த ஊழியர், கோடையில் மலையேறித் தம் பிள்ளைப்பருவத்துப் பாட்டுகளைப் பாடினர். அதில் பிழையேதும் இல்லை. அகதியும் பயணியும் தாய்வீட்டுப் பாட்டைப் பாடுவது இயல்பே. தம் இதயத்திற்கு நெருங்கிய பாட்டை வெட்கமின்றிப் பாட அவர்களுக்கு ஒரு மலை இருந்தது. மலையடிவாரத்து விசுவாசிக்கு அத்தகைய மலை இருந்ததில்லை.

2. மாறி மாறி வந்த இகழ்ச்சி

தமிழ்த் திருச்சபையின் வரலாற்றில் இகழப்பட்ட இசை எப்போதும் ஒன்றாகவே இருந்ததன்று. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு காலந்தொட்டு ஜெர்மானிய ஞானப்பாட்டுகள் தமிழாக்கப்பட்டன. பப்ரிசியுஸ் (1711–1791) போன்றோர் அப்பணியை வளர்த்தனர். அந்நாளில் அவையே ஆராதனைக்குத் தக்க இசை எனக் கருதப்பட்டன. கீர்த்தனைகளைச் சில மிஷனரிமார் ஐயுற்றனர். அவற்றின் இசை கோயிலையும் நாட்டிய அரங்கையும் நினைவூட்டுகிறது என்று அஞ்சினர்.

1820களின் இறுதியில் தஞ்சையில் இப்பூசல் முற்றியது. புதிதாக வந்த மிஷனரிமார் செய்த நான்கு கொடுமைகள் என்று வேதநாயகம் சாஸ்திரியார் எடுத்துரைத்தவற்றுள், தமிழ்ப் பாட்டுகளை ஆராதனையிலிருந்து விலக்கியதும் ஒன்று. வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றியதும் விழாக்களில் பூக்களைத் தடுத்ததும் மற்ற இரண்டு. நான்காவது, நற்கருணையில் சாதி வேறுபாடின்றி யாவரும் கலந்திருக்கும்படி வற்புறுத்தியது. நம் பாட்டுகளுக்காக வழக்காடிய அதே நாவு, சாதிப் பிரிவினைக்காகவும் வழக்காடியது. இதை மறைத்துச் சாஸ்திரியாரைப் போற்றுவதும், இதைக் காட்டி அவர் பாட்டுகளையெல்லாம் தள்ளிவிடுவதும் எளிது. இரண்டும் திறனாய்வாகா.

வெப் தொகுப்பிற்குப் பின் நிலை மாறியது. சுதேச உணர்வு ஓங்கிய இருபதாம் நூற்றாண்டில் கீர்த்தனை தமிழ்க் கிறிஸ்தவத்தின் பெருமையாயிற்று. மொழிபெயர்ப்புப் பாமாலை இரவல் உடையாயிற்று. 1980களிலும் 1990களிலும் மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியாபிலஸ் அப்பாவு மற்றொரு கேள்வியை எழுப்பினார். 'பரட்டை' என்ற பெயரால் அறியப்பட்ட அவர், கர்நாடக இசை சார்ந்த கீர்த்தனையும் உயர்த்தப்பட்ட சாதியாரின் பண்பாட்டைச் சுமக்கிறது என்றும், ஒடுக்கப்பட்டோரின் நாட்டுப்புற இசையே விடுதலையின் மொழி என்றும் வாதிட்டார். அவருடைய கிராமிய இசை வழிபாடு அவ்வாதத்தின் கனியாகும். பறை ஆராதனையில் ஒலித்தது மெய்யான ஒரு மீட்பு.

ஆனால் கற்றோர் உலகில் ஒவ்வொரு மீட்பும் விரைவில் ஒரு நாகரிகமாக மாறிவிடுகிறது. அப்பாவு எழுப்பியது நீதியின் கேள்வி. அதைப் பின்பற்றுவோருள் சிலர் அதைச் சுவையின் கேள்வியாகச் சுருக்கி, பாமாலை பாடும் கிழவியையும் கீர்த்தனை பாடும் வாத்தியாரையும் பார்த்து நகைக்கின்றனர். அக்கிழவி ஒடுக்குபவள் அல்லள் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

3. பாட்டுகளின் குறைகள்

இகழ்ச்சியைக் கண்டிப்பதால் குறைகளை மறுக்கிறோம் என்று கொள்ளலாகாது. மொழிபெயர்ப்புப் பாட்டுகளின் முதற் குறை யாப்பைச் சார்ந்தது. ஆங்கில, ஜெர்மானியச் செய்யுள் அழுத்தத்தை அடிப்படையாகக் கொண்டது; தமிழ்ச் செய்யுளோ குறில் நெடில் அளவை அடிப்படையாகக் கொண்டது. மேனாட்டு மெட்டின் நீண்ட சுரத்தில் தமிழின் குறில் அகப்பட்டால், அது நெடிலாக நீண்டுவிடும். 'மலை' என்று பாடத் தொடங்கியவர் 'மாலை' என்று முடிக்கிறார். சொற்கள் நடுவே முறிகின்றன. எதுகையும் மோனையும் காதில் விழாமல் போகின்றன.

இரண்டாம் குறை பொருளைச் சார்ந்தது. மூடியும் சாங்கியும் 1873இல் பிரிட்டனில் தொடங்கிய எழுப்புதல் கூட்டங்களின் வழியே பரவிய சுவிசேஷப் பாட்டுகளும், அவற்றின் சாயலில் தமிழில் எழுந்தவையும் பெரும்பாலும் 'நான்', 'என்' என்றே பேசுகின்றன. என் பாவம், என் மீட்பர், என் மோட்ச வீடு என்பவற்றைத் தாண்டி அயலான் அங்கே தென்படுவதில்லை. நிலமற்ற கூலியாளை நோக்கி இவ்வுலகத்தை மறந்து மறுவுலகை நினை என்று பாடுவது, நிலக்கிழாருக்கு ஏற்ற உபதேசமாக முடியக்கூடும். பாவத்தைக் கறுப்பாகவும் தூய்மையை வெண்மையாகவும் மட்டுமே காட்டும் உருவகங்களை, கறுத்த மேனியுடைய குழந்தைகள் பாடும்போது என்ன கற்கின்றனர் என்பதையும் எண்ணவேண்டும்.

ஒலிநாடாவின் காலத்தில் பரவிய புதிய துதிப்பாடல்களிலும் இதே 'நான்' வேறு தாளத்தில் தொடர்கிறது. எனவே பழைமையே குறை என்றோ, புதுமையே குறை என்றோ சொல்லுவதற்கில்லை.

4. குறையுள்ள பாட்டு ஏன் நேசிக்கப்படுகிறது?

இக்குறைகள் அனைத்தையும் அறிந்த பின்னும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. குறையுள்ள பாட்டு ஏன் இவ்வளவு ஆழமாக நேசிக்கப்படுகிறது? அறியாமை என்பது சோம்பேறியின் விடை. நாம் காணும் காரணங்கள் மூன்று.

முதலாவது, அப்பாட்டுகள் மக்களின் கையில் மாறிவிட்டன. நால்வகைக் குரலுக்கு அமைந்த மெட்டைக் கிராம சபையார் ஒரே குரலில், தம் நடைக்கேற்ப நிதானமாக, சுரத்திலிருந்து சுரத்திற்கு வழுக்கிச் சென்று பாடுகின்றனர். அந்த மெட்டை இயற்றியவர் கேட்டால் தம்முடையது என்று அடையாளம் காணமாட்டார். அச்சுப் புத்தகத்தைப் பார்த்து அந்நியம் என்று தீர்ப்பளிப்பவர், பாடும் வாயைக் கேட்கத் தவறுகிறார்.

இரண்டாவது, அந்நிய மெட்டிற்கு இவ்வூரில் சாதிப் பெயர் இருந்ததில்லை. இராகம் ஒரு சாராரின் உடைமையாகவும் பறை வேறொரு சாராரின்மேல் சுமத்தப்பட்ட இழிவாகவும் இருந்த சமுதாயத்தில், எங்கிருந்தோ வந்த பாட்டை எவரும் தலைநிமிர்ந்து பாட முடிந்தது. பறையடிக்கக் கட்டாயப்படுத்தப்பட்டவரின் பேரன் ஆர்மோனியத்தை நேசித்ததில் பண்பாட்டு அடிமைத்தனம் மட்டுமே இருந்ததென்று எவரும் அவசரப்பட்டுக் கூறலாகாது. இது எல்லாருக்கும் பொருந்தும் விளக்கம் என்று நாம் சாதிக்கவில்லை. ஆனால் அவர்களைக் கேளாமல் அவர்கள் சார்பில் தீர்ப்புக் கூறுவதும் ஒருவகை ஆதிக்கமே.

மூன்றாவது, திரும்பத் திரும்ப வரும் பல்லவியும் கோரசும் எழுத்தறியாதோருக்கும் நினைவு மங்கியோருக்கும் இடம் தருகின்றன. பாட்டுப் புத்தகம் வாசிக்கத் தெரிந்தவருக்கே உரியது. பல்லவியோ யாவருக்கும் உரியது. சுவிசேஷப் பாட்டுகளை எழுதியோருள் மிகப் புகழ்பெற்ற பேனி கிராஸ்பி (1820–1915) குழந்தைப்பருவத்திலேயே பார்வை இழந்தவர். அவர் எழுதியவை எண்ணாயிரத்திற்கும் மேற்பட்டவை. மிகையுணர்ச்சிப் பாட்டுகள் எழுதினார் என்று இகழப்படும் அவர், நியூயார்க் நகரின் வறியோரும் குடிக்கு அடிமையானோரும் வந்தடைந்த மிஷன் கூடங்களில் பல ஆண்டுகள் ஊழியஞ்செய்தார் என்பதைப் பலரும் அறியார். பாட்டில் அயலான் இல்லாதிருக்கலாம். பாடினவரின் வாழ்வில் இருந்தான்.

5. அகுஸ்தீனின் அச்சமும் ஆமோசின் அளவுகோலும்

பாட்டின் இன்பத்தைக் குறித்து நாணியவர்களுள் தலையாயவர் தூய அகுஸ்தீன். 'அறிக்கைகள்' பத்தாம் புத்தகத்தில், பாடப்படும் பொருளைவிடப் பாட்டே தம்மை மிகுதியாக அசைக்கும்போது தாம் பாவஞ்செய்வதாக அவர் வருந்துகிறார். பாட்டை அறவே விலக்கிவிடலாமோ என்றும் எண்ணுகிறார். ஆயினும் தாம் விசுவாசத்திற்குத் திரும்பிய நாட்களில் திருச்சபையின் பாட்டைக் கேட்டு வடித்த கண்ணீரை நினைத்து, பாட்டு நிலைபெறுவதே நன்று என்று முடிவுக்கு வருகிறார். அவரது நாணம் கடவுளுக்கு முன்பாக நின்று தன்னையே சோதித்தவரின் நாணம். நம் சபையாரின் நாணமோ கற்ற மனிதருக்கு முன்பாக நிற்பது. முன்னது மனந்திரும்புதலுக்கு நடத்தும். பின்னது மறைப்பதற்கு மட்டுமே நடத்தும்.

உடன்படிக்கைப் பெட்டிக்கு முன்பாக ஆடிய தாவீதைப் பலகணி வழியே பார்த்து மீகாள் தன் இதயத்தில் இகழ்ந்தாள் (2 சாமுவேல் 6:16). தெருவில் இறங்காமல் பலகணியிலிருந்து இசையைக் கண்டவள் அவள். இறையியல் கல்வி நமக்கு ஒரு பலகணியைத் தருகிறது. அதன்வழியே தெளிவாகக் காணலாம். ஆனால் இறங்கி நடந்தால்தான் பாட்டு கேட்கும்.

எனினும் தெருவின் பாட்டெல்லாம் தேவனுக்கு உகந்தது என்றும் கூறுவதற்கில்லை. ஆமோஸ் 5:23, 24 வசனங்களில் தேவன் பாட்டுகளின் இரைச்சலை அகற்றச் சொல்லி நியாயத்தையும் நீதியையும் கேட்கிறார். அங்கே பாட்டின் இராகமோ பிறப்பிடமோ குற்றமாகச் சொல்லப்படவில்லை. பாடுவோர் ஏழையை ஒடுக்கியதே குற்றம். இவ்வளவுகோல் பாமாலை, கீர்த்தனை, நாட்டுப்புறப் பாட்டு, துதிப்பாடல் ஆகிய அனைத்தையும் ஒரே தட்டில் நிறுத்துகிறது. கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு மூலை ஒதுக்கும் சபை, பறை முழங்கப் பாடினாலும் அதன் பாட்டு இரைச்சலே. 1 கொரிந்தியர் 14:15இல் அப்போஸ்தலன் ஆவியோடும் கருத்தோடும் பாடுவதைச் சேர்த்தே பேசுகிறார். கற்றோர் கருத்தை மட்டும் காக்க முற்பட்டால், ஆவி மறைவிடம் தேடிச் சென்றுவிடும்.

6. செய்யத்தக்கது

மறைவில் பாடப்படும் பாட்டை எவராலும் திருத்த முடியாது. இதுவே நாம் வற்புறுத்த விரும்பும் ஒன்று. ஏளனத்தால் ஒரு பாட்டு அழிந்துவிடுவதில்லை. அது சமையற்கட்டிற்கும் மரணப்படுக்கைக்கும் ஒதுங்குகிறது. அங்கே அதன் நன்மையைச் சபை இழக்கிறது. அதன் தீமையையோ எவரும் கேள்வி கேட்பதில்லை.

ஆகையால் ஆயர்கள் ஆண்டுக்கு ஓரிரு முறையாவது, சபையார் தாங்களே தெரிந்துகொள்ளும் பாட்டுகளுக்கு ஆராதனையில் இடமளிக்கலாம். கேட்டவர் ஏன் கேட்டார் என்பதை அவர் வாயாலேயே சபை அறியட்டும். முதலில் முழுமனதோடு பாடவேண்டும். பின்னர் வேதபாட வேளையில் அதன் சொற்களைச் சபையாரோடு சேர்ந்து ஆராயவேண்டும். சில பாட்டுகள் நிலைக்கும். சில ஓரிரு சொல் திருத்தத்தால் நலம்பெறும். சிலவற்றை அவை செய்த ஊழியத்திற்காக நன்றி கூறி விட்டுவிடலாம். விட்டுவிடும் முடிவு சபையாருடையதாக இருக்கவேண்டும்.

இறையியல் மாணவர்க்கும் ஒன்று கூறுவோம். திறனாய்வுக் கட்டுரைக்குத் தாம் வெறுக்கும் பாட்டைத் தெரிந்தெடுப்பது மாணவர் வழக்கம். தாம் நேசிக்கும் பாட்டை, அதிலும் பிறர் அறிய நாணும் பாட்டை எடுத்துக்கொண்டு, அது எங்கே மெய் பேசுகிறது, எங்கே பொய் பேசுகிறது என்று எழுதிப் பார்க்கட்டும். வெறுப்பவனுக்குப் பாட்டின் குறை மட்டும் தெரியும். நேசிப்பவனே அதன் நிறையையும் குறையையும் ஒருங்கே அறிந்து, நாளை தன் சபையாரின் கட்டிலருகில் நின்று கூசாமல் அதைப் பாடவும், அவர்களோடு அமர்ந்து அதை ஆராயவும் தகுதியுடையவனாவான்.