வேர்டிலிருந்து வலைப்பக்கத்துக்கு: பாண்டாக், மாமத் எப்படி?

வேர்டில் எழுதிய கட்டுரையை எச்டிஎம்எல் ஆக்க வேர்டிலேயே வழி இருக்கிறது. ‘சேவ் ஆஸ்’ போய் ‘வெப் பேஜ்’ என்று கொடுத்தால் முடிந்தது. வந்த கோப்பை நோட்பேடில் திறந்து பார்க்காதவரை நிம்மதி. திறந்தால், நாலு வரிக் கட்டுரைக்கு முன்னால் பக்கம் பக்கமாக ஸ்டைல் விவரங்கள், பத்திக்குப் பத்தி ‘எம்எஸ்ஓ நார்மல்’ முத்திரை. தமிழ்க் கட்டுரை என்றால் இன்னும் மோசம். பல இடங்களில் ஒவ்வொரு சொல்லையும் தனி ‘ஸ்பான்’ குறிக்குள் அடைத்து, மொழி தமிழ், ஃபாண்ட் லதா என்று திரும்பத் திரும்ப எழுதி வைக்கிறது. ‘வெப் பேஜ், ஃபில்டர்டு’ என்று சேமித்தால் ஆபீஸுக்கு மட்டுமே புரியும் குறிகள் உதிர்ந்துவிடும். ஸ்பான் கூட்டம் அப்படியே நிற்கும்.

இது வேர்டு 2000 காலத்து ஏற்பாடு. எச்டிஎம்எல்லாகச் சேமித்ததை மறுபடி வேர்டில் திறந்தாலும் எதுவும் தொலைந்திருக்கக் கூடாது என்பது அன்றைய நோக்கம். அதனால்தான் இத்தனை மூட்டை. வலைத்தளத்தில் ஏற்றுகிறவருக்கு அதில் ஒன்றும் வேண்டாம்.

எனக்கு வேண்டியதைச் செய்வது பாண்டாக். பெர்க்லியில் தத்துவப் பேராசிரியரான ஜான் மெக்ஃபார்லேன் 2006இல் தொடங்கிய இலவச மென்பொருள், ஹாஸ்கெல் மொழியில் எழுதப்பட்டது. பட்டன், மெனு எதுவும் கிடையாது. கட்டளைத் திரையில் பாண்டாக் என்று அடித்து, கோப்பின் பெயரைக் கொடுத்து, ‘-ஓ’ போட்டு, வெளிவர வேண்டிய கோப்பின் பெயரையும் சொன்னால் போதும். பத்தி பத்தியாகவும் தலைப்பு தலைப்பாகவும் மட்டும் வந்து நிற்கும். ஆய்வுக் கட்டுரைக்காரர்கள் அடிக்குறிப்புகளைப் பார்க்க வேண்டும்: எல்லாம் பக்கத்தின் அடியில் வரிசையாக, ஒவ்வொன்றிலும் விட்ட இடத்துக்குத் திரும்பும் அம்புக்குறியோடு.

இரண்டு இடத்தில் கவனம் தேவை. ‘எக்ஸ்ட்ராக்ட் மீடியா’ என்ற விருப்பத்தைச் சேர்க்காவிட்டால் படங்கள் வெளியே வராது. இல்லாத படத்துக்கு முகவரி மட்டும் இருக்கும். வேர்டில் கட்டுரைத் தலைப்புக்கு ‘டைட்டில்’ ஸ்டைல் கொடுத்திருந்தால் பாண்டாக் அதைக் கோப்பைப் பற்றிய தகவலாக எடுத்துக்கொள்கிறது. ‘-எஸ்’ போட்டு முழுப் பக்கமாகக் கேட்காவிட்டால் தலைப்பே காணாமல் போகும். ‘ஹெடிங் 1’ கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

கட்டளைத் திரை என்றாலே ஒதுங்குகிறவர்களுக்கு மாமத். வேர்ட்பிரஸ் பிளகினாகவே கிடைக்கிறது. எழுத்தின் நிறம், அளவு, ஃபாண்ட் எதையும் சட்டை செய்யாது. அடிக்கோட்டைக்கூட, நாம் சொன்னாலொழிய, விட்டுவிடும். அதற்குத் தெரியாத ஸ்டைல் எதிர்ப்பட்டால் எச்சரிக்கை தருகிறது, அந்த ஸ்டைலை எந்தக் குறியாக மாற்றுவது என்று நாமே விதி எழுதலாம். எனக்குப் பிடித்த அம்சம் அதுதான். பிடிக்காதது: தனியாக ஓட்டினால், படங்களை எழுத்துக் குவியலாக்கி எச்டிஎம்எல் உள்ளேயே திணித்துவிடும். படம் நிறைந்த கட்டுரைக்கு இது தோதுப்படாது.

இரண்டுமே நம்பியிருப்பது எழுதியவரின் ஒழுங்கை. வேர்டு சேமிக்கும் டாக்எக்ஸ் என்பது உண்மையில் ஒரு ஜிப் கோப்பு. பெயரின் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள், உள்ளே எக்ஸ்எம்எல் கோப்புகள் இருக்கும். ‘ஹெடிங் 1’ கொடுத்த வரியில் அந்தப் பெயர் பதிவாகியிருக்கும். போல்டு போட்டு 18 புள்ளிக்குப் பெரிதாக்கிய வரியில் அந்த இரண்டு விவரங்கள்தான். அது தலைப்பு என்று கண்ணுக்குத் தெரியும், மென்பொருளுக்கு எப்படித் தெரியும்?

கூகுள் டாக்ஸும் வலைப்பக்கமாக இறக்கித் தரும். ஆனால் போல்டு முதல் எல்லாமே சி1, சி2 என்ற பெயர்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். வெளி இணைப்புகளெல்லாம் கூகுள் முகவரி வழியாகச் சுற்றிப் போகும். லிப்ரே ஆபீஸின் எச்டிஎம்எல் சுமார் ரகம். ஆனால் பழைய டாக் கோப்புகளை டாக்எக்ஸ் ஆக்க அது வேண்டும், பாண்டாக் பழைய டாக்கைப் படிக்காது.

பாமினி போன்ற பழைய ஃபாண்டில் அடித்த கோப்பு வந்தால் கதை வேறு. அங்கே ‘அம்மா’ என்று திரையில் தெரிவதன் அடியில் கிடப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகள். வேர்டு தன் எச்டிஎம்எல்லில் ஃபாண்ட் பெயரையும் சேர்த்து எழுதுவதால் உங்கள் கணினியில் தமிழாகவே தெரியும். பாமினி இல்லாத வாசகரின் கைபேசியில் உளறல். பாண்டாக் ஃபாண்டைத் தூக்கி எறிவதால் உளறல் உங்கள் கண்முன்னே வந்துவிடும். இதைப் பாண்டாக்கின் குறையாகச் சிலர் சொல்கிறார்கள். பக்கத்தை ஏற்றுவதற்கு முன்பே தெரிவது நல்லதுதானே? இப்படிப்பட்ட கோப்பை முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டுப் பிறகு பாண்டாக்கிடம் கொடுங்கள். மொத்தமாக ஒட்டி மாற்றும்போது இடையிலுள்ள ஆங்கிலப் பெயர்களும் இணைய முகவரிகளும் சேர்ந்தே தமிழ் எழுத்தாகிச் சிதையும். அவற்றை மட்டும் மூலத்தோடு ஒப்பிட்டுக் கையால்தான் திருத்த வேண்டும்.