தையல் எந்திரத்தின் மேல் ஒரு பெயர்

நூம்பலில் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு அக்கா, அரசின் இலவசத் தையல் எந்திரத்துக்கு விண்ணப்பம் போடவேண்டும் என்று ஒரு மாலை வந்தார். வருமானச் சான்று, தையல் கற்றதற்கான சான்று எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் இருந்தன. கூடவே கல்லூரியில் படிக்கும் மகள். திட்டத்தின் முழுப்பெயரை வாய்விட்டுப் படித்தேன்: சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் எந்திரம் வழங்கும் திட்டம். "யாரு இந்தம்மா? டெய்லரா இருந்தாங்களா?" என்று கேட்டார் அக்கா. அதில் கிண்டல் எதுவும் இல்லை. தையல் எந்திரத்துக்கு ஒருவர் பெயரை வைத்தால் அவர் தைத்தவராகத்தானே இருக்கவேண்டும்?

மகள் அதற்குள் போனில் தேடிவிட்டாள். ஆண்டு, தொகுதி, கட்சி, முடிவு என்று நான்கு கட்டங்கள் கொண்ட பட்டியல். 1957, பெரம்பூர், சுயேச்சை, வெற்றி. 1962, பெரம்பூர், தி.மு.க., தோல்வி. 1967, 1971 இரண்டிலும் பெரம்பூர், தி.மு.க., வெற்றி. "முதல்ல சுயேச்சையா நின்னாங்களாம்க்கா. எந்தக் கட்சியும் சீட்டு குடுக்கலபோல. ஜெயிச்ச பிறகு தி.மு.க.வுல சேர்த்துக்கிட்டாங்க" என்றாள்.

அவள் பட்டியலைச் சரியாகத்தான் படித்தாள். ஆனால் சத்தியவாணி முத்து 1949இல் தி.மு.க. தொடங்கியபோதே அதில் இருந்தவர். 1957இல்தான் அந்தக் கட்சி முதன்முதலாகத் தேர்தலில் இறங்கியது. தேர்தல் ஆணையத்தின் அங்கீகாரம் அப்போது அதற்கு இல்லாததால், வென்ற அத்தனை பேரும் சுயேச்சைகளாகவே பதிவானார்கள். அண்ணாதுரையும் கருணாநிதியும்கூட அந்த ஆண்டின் ஆவணத்தில் சுயேச்சைகள்தான். அவர்களை யாரும் அப்படி வாசிப்பதில்லை. அவர்களுடைய கதை நமக்கு முன்பே தெரியும். கதை சொல்லப்படாத ஒருவருக்குப் பட்டியல்தான் கதையாகிவிடுகிறது.

1962ஆம் ஆண்டின் 'தோல்வி'யையும் இப்படித்தான் பார்க்கவேண்டும். அந்தத் தேர்தலில் காஞ்சிபுரத்தில் அண்ணாவும் தோற்றார். பேருந்து முதலாளி நடேச முதலியாரிடம் அவர் தோற்ற கதை இன்றும் மேடைகளில் சொல்லப்படுகிறது. அது தோல்வியாகச் சொல்லப்படுவதில்லை, 1967க்கு ஏறிய படியாகச் சொல்லப்படுகிறது. அதே தேர்தலில் பெரம்பூரில் தோற்ற பெண்ணுக்கு ஒரு கட்டம் மட்டும். 1959 முதல் 1968 வரை அவர் கட்சியின் கொள்கை பரப்புச் செயலாளர். அதாவது அந்தத் தோல்விக்கு முன்பும் பின்பும் ஊர் ஊராகப் போய்க் கட்சிக்காகப் பேசியவர். 1983இல் அ.தி.மு.க.வில் ஜெயலலிதாவுக்கு இதே பொறுப்பு தரப்பட்டதை நாம் ஒரு திருப்பமாக நினைவில் வைத்திருக்கிறோம். அதற்கு கால் நூற்றாண்டுக்கு முன்பே ஒரு தலித் பெண் ஒரு திராவிடக் கட்சியில் அந்தப் பொறுப்பில் இருந்தார் என்பதை நம் மாணவிகளில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்?

பட்டியல் தொடங்குவதற்கு முன்பே நடந்தவையும் உண்டு. 1953இல் ராஜாஜியின் குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்த போராட்டத்தின் முன்வரிசையில் அவர் இருந்தார். கர்ப்பிணியாக இருந்த நிலையிலேயே கைதானார். 'அன்னை' என்ற இதழை நடத்தினார். பேச்சு, எழுத்து, சிறை ஆகிய மூன்றின் வழியாகத்தான் திராவிட இயக்கத்து ஆண்கள் தலைவர்களானார்கள். மூன்றும் இவரிடமும் இருந்தன.

1967இல் அண்ணா அமைத்த அமைச்சரவையில் அவரையும் சேர்த்து 9 பேர். அதில் ஒரே பெண் சத்தியவாணி முத்து. தரப்பட்டவை அரிசன நலமும் செய்தியும். செய்தித்துறை தரப்பட்டதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. பேச்சையே முதலீடாகக் கொண்ட கட்சியில் அது சின்ன விஷயமில்லை. ஆனால் அவரோடு ஒட்டிக்கொண்டது முதல் துறைதான்.

அந்தத் துறையைப் பற்றிச் சற்று நிதானமாக யோசிக்கவேண்டும். விடுதி, உதவித்தொகை, பள்ளி, வீட்டுமனைப் பட்டா என்று தலித் மக்களுக்குக் 'கொடுக்கிற' வேலைகள் அதில் இருந்தன. அவர்கள் வாழ்வை நிர்ணயிக்கும் மற்றவையெல்லாம், நிலம், கூலி, காவல் நிலையம் எல்லாம், வேறு அமைச்சர்களிடம். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 தலித் உயிர்கள் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டபோது அரிசன நலத்துறைக்கு ஒரு அமைச்சர் இருந்தார். அவர் தலித், பெண், சிறை சென்ற போராளி. எரிந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலிப் போராட்டம் அவருடைய துறையில் வரவில்லை, பண்ணையாரின் துப்பாக்கியும் வரவில்லை. அந்த இரவைப் பற்றிப் பேசும்போது அண்ணா அரசை நோக்கி நாம் கேட்கும் கேள்வியில் சத்தியவாணி முத்துவுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அவரைப் போற்றவேண்டும் என்பதற்காக அதைத் தவிர்க்க நான் தயாரில்லை. ஆனால் எந்த அதிகாரம் கையில் இருந்தது, எது இல்லை என்று பார்க்காமல் கேட்டால், அமைச்சர் என்ற சொல்லுக்கு எல்லோரிடமும் ஒரே எடை இருந்ததாக நாம் நம்பிக்கொள்ள வேண்டியிருக்கும்.

1974இல் அவர் அமைச்சர் பதவியைத் துறந்து கட்சியை விட்டு வெளியேறினார். அண்ணாவுக்குப் பிறகான தலைமைக்குத் தாழ்த்தப்பட்ட மக்கள் மீது அக்கறையில்லை என்பது அவர் சொன்ன காரணம். தொடங்கிய கட்சியின் பெயர் தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம்.

இந்தப் பெயரை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். 'முன்னேற்றக் கழகம்' அப்படியே இருக்கிறது. 'திராவிட' என்ற ஒரு சொல் மட்டும் மாறியிருக்கிறது. ஏழு ஆண்டு அவர் நிர்வகித்த துறையின் பலகையில் இருந்த சொல் 'அரிசன'. காந்தியின் அந்தச் சொல்லை அம்பேத்கர் ஏற்கவில்லை. சொந்தமாக ஒரு பெயர் வைக்கும் உரிமை வந்ததும் சத்தியவாணி முத்து அதை எடுத்துக்கொள்ளவில்லை. 'தாழ்த்தப்பட்டோர்' என்ற சொல்லில் தாழ்த்தியவன் ஒருவன் இருக்கிறான். இயக்கத்தின் மொழியிலேயே நின்று, அந்த மொழி யாரை விட்டுவிட்டது என்று சொல்லும் பெயர் அது. அவருடைய அரசியலைப் பற்றி எழுத வருகிறவர்கள் இந்தப் பெயரிலிருந்து தொடங்கலாம் என்று தோன்றுகிறது. நான் பார்த்தவரை, கட்சி தொடங்கினார், கலைத்தார் என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள்.

அதற்கு இரண்டு ஆண்டு முன்னால் 1972இல் எம்.ஜி.ஆர். அதே தி.மு.க.விலிருந்து வெளியே வந்தார். அவர் பழைய பெயரின் முன்னால் 'அண்ணா'வைச் சேர்த்துக்கொண்டார். இரண்டு பேருமே பழைய பெயரில் ஒரு சொல்லைத் தொட்டார்கள். ஒருவர் கணக்கு கேட்டு வந்தவர். அவரிடம் திரை இருந்தது, ரசிகர் மன்றங்கள் இருந்தன, ஐந்தே ஆண்டில் முதலமைச்சர் ஆனார். இன்னொருவரும் கணக்குத்தான் கேட்டார், வேறு கணக்கு. அவருடைய கட்சி 1977இல் அ.தி.மு.க.வோடு இணைந்தது. சாதிக்கு எதிராகப் பேசும் வாக்காளர்கள் தமிழ்நாட்டில் நிறைய இருந்தார்கள். ஒரு தலித் பெண்ணின் தலைமையில் ஓட்டுப்போடத் தயாரானவர்கள் போதுமான அளவு இல்லை. இதை அவருடைய தோல்வி என்று மட்டும் எழுதுவது நம்மைக் காப்பாற்றிக்கொள்வது.

1978இல் அவர் அ.தி.மு.க. சார்பில் மாநிலங்களவைக்குப் போனார். 1979இல் சரண் சிங் அமைச்சரவையில் ஒன்றிய அமைச்சர். திராவிடக் கட்சியிலிருந்து டெல்லியில் அமைச்சரான முதல் இருவரில் ஒருவர். துறை? சமூக நலம். சென்னையில் அரிசன நலம், டெல்லியில் சமூக நலம். கட்சி மாறியது, ஊர் மாறியது, 'நலம்' மட்டும் கூடவே போயிருக்கிறது. அந்த அரசு சில மாதங்கள்தான் நீடித்தது.

இங்கே நூம்பலைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருகிறேன். பூந்தமல்லி, மதுரவாயல், ஆவடி, அம்பத்தூர் என்று எங்களைச் சுற்றி நான்கு தொகுதிகள். 2011, 2016, 2021 ஆகிய மூன்று பொதுத்தேர்தல்களிலும் நான்கிலும் வென்றவர்கள் ஆண்கள். பன்னிரண்டு முடிவுகளில் ஒரு பெண்கூட இல்லை. பூந்தமல்லி தனித்தொகுதி, தலித் ஆண்களுக்கு அந்தக் கதவு திறந்தது, பெண்களுக்குத் திறக்கவில்லை. 2021இல் மாநிலம் முழுவதும் 234 பேரில் பெண்கள் 12 பேர். 2017இல் பதவி நீக்கப்பட்ட 18 உறுப்பினர்களில் எங்கள் பூந்தமல்லிக்காரரும் இருந்தார், சத்தியவாணி முத்துவின் பழைய பெரம்பூரின் உறுப்பினரும் இருந்தார். கட்சிக்குள் ஆண்கள் பிரிவதும் சேர்வதும் அரசியல் என்று பெயர் பெறுகின்றன. வியூகம், அணி, தர்மயுத்தம் என்று சொற்கள் வந்து குவிகின்றன. ஒரு பெண் மக்களின் பெயரைச் சொல்லி அமைச்சர் பதவியை விட்டதற்கு அப்படி ஒரு சொல்லும் கிடைக்கவில்லை.

அரசு அவரை மறந்துவிட்டது என்றும் சொல்லமுடியாது. ஒரு திட்டத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறது. எந்தத் திட்டத்துக்கு என்பதுதான் கேள்வி. அரசின் நலத்திட்டங்களை வரிசையாகப் பாருங்கள். 1927இல் சென்னை மாகாண சட்ட மேலவைக்குள் நுழைந்து அதன் துணைத்தலைவரான முத்துலட்சுமி ரெட்டியின் பெயர் மகப்பேறு உதவிக்கு. அவர் மருத்துவர் என்பதால் அதையாவது ஏற்கலாம். பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்து வாழ்நாள் முழுக்கப் போராடி, 1936இல் நாவலும் எழுதிய மூவலூர் இராமாமிர்தத்தின் பெயர் தாலிக்குத் தங்கம் தரும் திருமண உதவிக்கு. சத்தியவாணி முத்துவின் பெயர் தையல் எந்திரத்துக்கு. கல்யாணம், பிரசவம், தையல். பொதுவெளிக்கு வந்து சண்டைபோட்ட பெண்களை, இறந்த பிறகு பத்திரமாக வீட்டுக்குள் அனுப்பிவைக்கும் வரிசை இது.

தையலை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அக்காவுக்கு அந்த எந்திரம் தேவை. அம்பத்தூரில் கார்மெண்ட்ஸ் வேலைக்கு கம்பெனி வேனில் போய் நின்று கால் வீங்கி வருவதைவிட, வீட்டில் பிளவுஸ் தைத்தால் கூலியும் அவருக்கு, நேரமும் அவருக்கு. எந்திரத்தின் மீது எனக்குப் புகார் இல்லை, பெயர்ப்பொருத்தத்தின் மீதுதான். மாற்றமுடியாத விஷயமும் இல்லை இது: 2022இல் மூவலூர் இராமாமிர்தம் திட்டம் உயர்கல்வித் திட்டமாக மாற்றப்பட்டது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய். அக்காவின் மகள் அந்தப் பணத்தில்தான் பஸ் பாஸ் எடுக்கிறாள்.

அவர் பெயர் இன்னோர் இடத்திலும் இருந்தது. திருவேற்காடு, நூம்பல், மதுரவாயல் பக்கமாகக் கிழக்கே ஓடும் கூவம், கடலைத் தொடுவதற்குச் சற்று முன் சென்ட்ரலுக்கு அருகே போகும் இடத்தில், கரையில் சத்தியவாணி முத்து நகர் என்ற குடியிருப்பு இருந்தது. 2019 டிசம்பர் கடைசியில் கூவம் சீரமைப்புக்காக அதை இடித்து, மக்களை நகரின் தென்கோடியில் உள்ள பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். படிக்கிற பிள்ளைகள், வீட்டுவேலைக்குப் போகிற பெண்கள் எல்லோருக்கும் பள்ளியும் வேலையும் இந்தப் பக்கம், வீடு அந்தப் பக்கம். குடிசைப் பகுதிக்கு ஒரு தலித் தலைவியின் பெயரை மக்கள் விரும்பி வைத்திருக்கிறார்கள். எந்த அரசாணையும் இல்லாமல், தங்கள் ஆள் என்று நினைத்து வைக்கிற பெயருக்கும் திட்டத்துக்கு வைக்கிற பெயருக்கும் வித்தியாசம் உண்டு.

பெண்ணியம் எழுதும் நாமும் இதில் யோக்கியமில்லை. முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றியும் மூவலூர் அம்மையாரைப் பற்றியும் கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கின்றன. நானே எழுதியிருக்கிறேன். சத்தியவாணி முத்துவைப் பற்றி இதுவரை ஒரு பத்திகூட நான் எழுதியதில்லை. கட்சிக்காரர், அமைச்சர், பிறகு கட்சி மாறியவர் என்று ஒரு தயக்கம். போராளிகளாகவே வாழ்ந்து முடிந்த பெண்களைக் கொண்டாடுவது நமக்கு எளிது. அதிகாரத்துக்குள் போய், அங்கே கையைச் சுட்டுக்கொண்டு, சமரசமும் செய்துகொண்ட பெண்ணை என்ன செய்வது என்று தெரியவில்லை. தலித் பெண் என்பதும் அந்தத் தயக்கத்தில் கலந்திருந்ததா என்று என்னைக் கேட்டால், இல்லை என்று சட்டெனச் சொல்ல வாய் வரவில்லை.

அன்று விண்ணப்பத்தை எழுதி முடிக்க ஏழு மணி ஆகிவிட்டது. நடுவே நடுவே மேலே சொன்னதையெல்லாம் துண்டு துண்டாகச் சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார், கர்ப்பமாக இருந்தபோது கைதான கதைக்கு மட்டும் "எத்தனாவது மாசம்?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்திருக்கவில்லை. மகள் கேட்டது வேறு: "அந்த 'அன்னை' புக்கு எங்கக்கா கிடைக்கும்? அவங்க எழுதினத நாமளே படிச்சுக்கலாமே."

தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் தேடிப் பார்க்க அவளுக்குப் பரீட்சை முடிந்ததும் இரண்டு பேரும் போகிறோம். இதைப் படிக்கிற உங்கள் வீட்டுப் பரணில், பழைய கட்சிக்காரத் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் 'அன்னை'யின் இதழ் ஒன்று இருந்தாலும் பதிப்பகத்துக்கு எழுதுங்கள். நாங்களே வந்து நகல் எடுத்துக்கொள்கிறோம்.