ஆளில்லாத் தீவில் அமுதசுரபி: தவிக்கும் கலக்குழு விளையாட்டுகளும் ஆபுத்திரன் கதையும்

பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டில் நடுவர் ஒருவர் சூழலை உரைப்பார். ஏனையோர் ஆளுக்கொரு மாந்தராக நின்று முடிவெடுப்பர். ஐயத்திற்குரிய இடங்களைப் பகடை தீர்க்கும். வழியில் சிக்கித் தவிக்கும் விண்கலக் குழுவினர் இவ்வகை விளையாட்டின் பழைய கருப்பொருள்களுள் ஒன்று. ஜேம்ஸ் எம். வார்டு வடிவமைத்த ‘மெட்டமார்ஃபோசிஸ் ஆல்ஃபா’ (1976) கதிர்வீச்சால் சீரழிந்த பெருங்கலம் ஒன்றையே களமாக்கியது. ‘ஏலியன்’ (2019) விளையாட்டிலோ காற்று, நீர், உணவு, மின்னாற்றல் ஆகியவற்றின் இருப்பைப் பகடை குறைத்துக்கொண்டே வரும். பற்றாக்குறைதான் கதையை நகர்த்தும் என்பது இத்தகைய வடிவமைப்பின் எழுதாத விதி.

அவ்விதி எங்கும் செல்லுமா என்பதை மதுரையிலிருந்து தொடங்கும் ஒரு கதை ஐயுறச் செய்கிறது. மணிமேகலையின் பாத்திர மரபு கூறிய காதையில், மதுரைச் சிந்தாதேவி கோயிலில் இரந்துண்டு பிறரையும் ஊட்டிவந்த ஆபுத்திரன் அள்ளக் குறையாத அமுதசுரபியைப் பெறுகிறான். பன்னீராண்டு வறண்ட பாண்டிநாட்டில் மழை பெய்ததும் அவனிடம் உண்பார் இல்லை. பசித்தோரைத் தேடிச் சாவகத்துக்குக் கலமேறுகிறான். காற்று மிகுந்ததால் கலம் மணிபல்லவத்தில் தங்குகிறது. இறங்கியவன் ஏறிவிட்டான் எனக் கருதி இரவில் அது புறப்பட்டுவிடுகிறது. தீவில் உணவுக்குக் குறைவில்லை, உண்ண ஒருவருமில்லை. பல்லுயிர் காக்கும் பாத்திரத்தால் தன்னுயிரை மட்டும் ஓம்ப மனமின்றி, அதனைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாதிருந்து உயிர் துறக்கிறான். (பாத்திரம், கலம் ஆகிய இரு சொற்களும் தமிழில் ஏந்துவதையும் குறிப்பன; முன்னது கதைமாந்தரையும் பின்னது கப்பலையும் சுட்டுதல் இங்கு வாய்ப்பாக அமைந்துவிட்டது.)

இக்கதையை விளையாட்டாக்க முனைவோர் முதலில் நீக்க வேண்டியது இருப்புக் கணக்கை. பற்றாக்குறை இல்லையேல் ஆட்டம் தொய்யும் என்னும் தடை எழலாம். ஆனால் ஆபுத்திரனை நெருக்குவது நிறைவே. ‘தனக்கு உண்ணலாகாது’ என ஒரு விதியை எழுதினால் கதை செத்துவிடும். காப்பியத்தில் அவனைத் தடுப்பார் எவருமிலர். உண்ணும் வழி திறந்தே இருக்க, ஆடுபவரே மறுக்க வேண்டும்.

பகடைக்கும் இடமுண்டு. மதுரையை அடுத்த கீழடி அகழாய்வில் பகடைக்காய்கள் கிடைத்துள்ளமை, இச்சமவெளியினர்க்கு அதன் உருட்டல் புதிதன்று எனக் காட்டும். காற்றையும் கலம் புறப்படும் வேளையையும் அது தீர்மானிக்கலாம். உண்ணாநோன்பை அதனிடம் விடலாகாது.

கடினமான சிக்கல் வேறொன்று. குழுவாக ஆடும் விளையாட்டில் ஒருவர் மட்டும் தீவில் நின்றுவிட்டால் மற்றவர் என் செய்வர்? அவர்களைக் கலத்திலேயே இருத்துவது தக்கது. மேசையைச் சுற்றியிருப்போர் அனைவரும் அவன் தீவில் நிற்பதை அறிவர். அவர்கள் ஏற்ற மாந்தர் அறியார். அறிந்தும் அறியாதவராகச் சாவகத்தை நோக்கிச் செலுத்த வேண்டிய அந்த ஒரு சுற்றில், எவ்விருப்பும் குறையாமலே ஆட்டம் கனத்துவிடும்.