காலுக்கு எங்கே இடம்?

தர்மபுரி ஸ்டேஷனில் வந்தே பாரத் நிற்பதே கொஞ்ச நேரம்தான். கோவையிலிருந்து பெங்களூரு கன்டோன்மென்ட் போகும் வண்டி; 2023 டிசம்பர் 30 அன்று கொடியசைத்தார்கள். எட்டுப் பெட்டிகளில் ஒன்று எக்சிகியூட்டிவ். மகள் டிக்கெட் போட்டுக் கொடுத்ததால் ஒருமுறை அதில் ஏறினேன். முன்வரிசையில் ஒரு பாட்டியும் பேரனும். பாட்டி உட்காருவதற்குள் பையன் சீட்டுக்கு அடியில் இருந்த பெடலை மிதித்துத் தள்ள, இரண்டு பேர் உட்காரும் சீட் அரைவட்டம் சுழன்று என்னைப் பார்த்து நின்றது. "செக்காட்டம் சுத்துதுடா, தலை கிறுகிறுங்குது, பழையபடி திருப்பு" என்றார் பாட்டி. திருப்பினான். அவர் பையை மேலே வைக்கத் திரும்பியதும் மறுபடி சுற்றினான்.

என் கண் தரையிலேயே இருந்தது. அவ்வளவு பெரிய சீட் சுழலும்போது முன்வரிசையில் இடிக்கவில்லை, என் முட்டியிலும் இடிக்கவில்லை. அந்த இடம் எங்கிருந்து வந்தது? கணக்கு எளிது. இந்த வண்டியின் சாதாரண சேர் கார் பெட்டியில் 78 பேர், எக்சிகியூட்டிவ் பெட்டியில் 52 பேர். இரண்டு பெட்டியின் நீளமும் ஒன்றுதான். 26 பேரை இறக்கிவிட்ட இடத்தில்தான் அந்தச் சீட் சுற்றுகிறது. சேர் காரில் மூன்றும் இரண்டுமாக நெருங்கி உட்கார்ந்திருப்பவர்களின் சீட் சுற்ற வழியில்லை. அதனால் பாதிப்பேர் முகம் ஒரு பக்கம், மீதிப்பேர் முகம் இன்னொரு பக்கம். சேலத்தில் ஏறுகிறவர்களில் சிலர் தொப்பூர் மலை வளைவுகளை முதுகாலேயே கடந்து தர்மபுரிக்கு வந்து சேருகிறார்கள்.

அன்றிலிருந்து எந்த வண்டியில் ஏறினாலும் நான் முதலில் பார்ப்பது கால் வைக்கும் இடத்தைத்தான். எல்லோரும் தலைப்பக்கம் பார்ப்பார்கள்: தலையணை மெத்தென்று இருக்கிறதா, டிவி எவ்வளவு பெரிசு. அதெல்லாம் கடைக்காரர் முன்னால் அடுக்கி வைத்த மாம்பழம். ஒரு சீட்டை வடிவமைத்தவர் பட்ட பாடு முழுக்கக் கால்மாட்டில்தான் தெரியும். நீண்டதூர விமானத்தின் பிசினஸ் கிளாஸ் சீட் இதற்கு நல்ல பாடம். நம் மாவட்டத்துப் பிள்ளைகள் பெங்களூரில் வேலை பார்த்து, அங்கிருந்து அமெரிக்கா, ஜெர்மனி என்று பறக்கும் காலம் இது. என்றாவது பெற்றவர்களுக்கும் அந்த முன்பக்கச் சீட் வாய்க்கும். வாய்க்கும்போது ஜூஸ் டம்ளரோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

விமானத்தில் ஒருவரை மட்டமாகப் படுக்க வைக்க ஆறடிக்கு மேல் நீளம் வேண்டும். வரிசைக்கு வரிசை அவ்வளவு இடம் விட்டால் நிறுவனம் பிழைக்காது. 2000-ம் ஆண்டில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் பிசினஸ் கிளாஸில் முழுக்க மட்டமாகும் படுக்கையைக் கொண்டுவந்தபோது கண்டுபிடித்த வழி, நம் கல்யாண வீடுகளில் பாய் பற்றாத இரவில் பெரியம்மாக்கள் செய்கிற அதே வழி: பிள்ளைகளைத் தலைமாடு கால்மாடாகப் படுக்க வைப்பது. மனுஷ உடம்பு தோளில் அகலம், காலில் குறுகல். ஒருவர் தோளுக்குப் பக்கத்தில் அடுத்தவர் கால் வந்தால் இடம் மிச்சம். அப்படி ஒருவர் முன்னோக்கி, பக்கத்தவர் பின்னோக்கி என்று வைத்து, ஒரே வரிசையில் எட்டுப் பேரைக்கூட அடுக்கினார்கள். ஜன்னலோரம் இருப்பவர் பாத்ரூம் போக, தூங்குகிறவரின் காலைத் தாண்ட வேண்டும். விமானம் கிளம்பும்போது முன்பின் தெரியாத ஒருவர் முகத்தை எதிரெதிரே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனாலும் அதைக் கெட்டிக்கார வேலை என்றுதான் சொல்வேன்.

பிறகு வந்தவை எல்லாம் அதே கால் பிரச்சினைக்கு வேறுவேறு விடைகள். 2003-ல் வர்ஜின் அட்லாண்டிக் சீட்டுகளை மீன்முள் மாதிரி சாய்த்து வைத்தது. தலை ஜன்னல் பக்கம், கால் நடைபாதைப் பக்கம். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. பிறகு மற்றவர்கள் அதைத் திருப்பிப்போட்டு, முகம் ஜன்னலைப் பார்க்கிற மாதிரி செய்தார்கள். இன்று பல நிறுவனங்களில் இருப்பவை அதன் பிள்ளைகள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இன்னொரு வழி பிடித்தது: சீட்டை அகலமாகச் செய்து, சாய்மானத்தை முன்பக்கம் மடித்துப் போட்டால் அதன் பின்புறமே படுக்கை. உட்கார ஒரு மெத்தை, படுக்க வேறொரு மெத்தை. காலை நேராக நீட்ட முடியாது. மூலையில் ஒரு பொந்து இருக்கும், உடம்பைக் கோணலாகப் போட்டுக் காலை அதற்குள் விட வேண்டும். சிலர் இதைத் திட்டுவார்கள். குறுக்கே சுருண்டு படுத்தே வளர்ந்த எனக்கு அதில் குறை தெரியவில்லை.

சீட்டுகளை வரிசைக்கு வரிசை மாற்றி மாற்றி நகர்த்தி வைத்த இன்னொரு வகையில் உங்கள் கால், முன்சீட்டுக்காரரின் பக்க மேஜைக்கு அடியில் உள்ள பெட்டிக்குள் போகும். அதில் கால் புரளாவிட்டால் இரவு முழுக்க முழிப்புதான். இங்கே ஒரு யோசனை. முதல் வரிசைக்கு முன்னால் யாருடைய மேஜையும் கிடையாது. அதனால் பல விமானங்களில் அந்த வரிசைக்கு மட்டும் கால்பெட்டி விசாலமாக இருக்கும். சமையல் மேடைச் சத்தம் கேட்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

டிக்கெட் போடும்போதே ரசனையைத் தொடங்கலாம். சீட் வரைபடத்தில் ஒரு வரிசையை எண்ணுங்கள். ஒன்று-இரண்டு-ஒன்று என்றிருந்தால் எல்லோருக்கும் நடைபாதை. இரண்டு-இரண்டு-இரண்டு என்றால் ஜன்னலோரக்காரர் மாட்டிக்கொண்டார். எமிரேட்ஸின் பழைய 777-ல் இரண்டு-மூன்று-இரண்டு; லட்சக்கணக்கில் கொடுத்தும் நடுச்சீட்! அவர்களே இப்போது துபாயில் தங்கள் கொட்டகையில் விமானங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மாற்றிவருகிறார்கள். ஒன்று-இரண்டு-ஒன்று வைத்த 777 2024-ல் பறக்கத் தொடங்கியது. எழுத்தைப் பார்த்தும் கண்டுபிடிக்கலாம். பொதுவாக ஏ, கே இரண்டும் ஜன்னல். சி, எச் அவற்றுக்குப் பக்கத்து நடைபாதைச் சீட். வரைபடத்தில் சி, எச் இரண்டும் இல்லாமல் ஏ, டி, ஜி, கே மட்டும் இருந்தால் பெரும்பாலும் தப்பித்தீர்கள்.

ஒரே நிறுவனம், ஒரே கட்டணம், ஆனால் ஒரு விமானத்தில் கதவு வைத்த அறை மாதிரி சீட், இன்னொன்றில் தேய்ந்துபோன சோபா. ஏன் இப்படி? ஏர் இந்தியாவையே எடுத்துக்கொள்வோம். 2024 ஜனவரியில் வந்த ஏ350 விமானத்தில் 28 பிசினஸ் சீட், எல்லாவற்றுக்கும் இழுவைக் கதவு. முதலில் பெங்களூரு, சென்னை, மும்பை என்று உள்நாட்டிலேயே ஓட்டினார்கள். ஒரு மணி நேரப் பயணத்தில் கதவைச் சாத்தித் திறந்து பார்த்த அதிர்ஷ்டசாலிகள் உண்டு. அதே நிறுவனத்தின் பழைய 787-8-ல் 18 சீட், இரண்டு-இரண்டு-இரண்டு. பழைய பெரிய விமானங்களைப் புதுப்பிக்க 40 கோடி டாலர் என்று 2022 டிசம்பரிலேயே அறிவித்தார்கள். முதல் 787-8 அந்த வேலைக்காகக் கலிஃபோர்னியாவுக்குப் பறந்தது 2025 ஜூலையில்.

தாமதத்துக்குக் காரணம் சோம்பல் மட்டும் என்று சொல்ல முடியாது. உலகத்துக்கே இந்தச் சீட் செய்கிற பெரிய கைகள் சிலதான்: சாஃப்ரான், காலின்ஸ், ரெக்காரோ, ஜாம்கோ இப்படி. அவர்கள் வாசலில் எப்போதும் வரிசை. செய்தால் மாத்திரம் போதாது. பொம்மை மனிதனை உட்கார வைத்து, ஈர்ப்புவிசையைப் போல 16 மடங்கு விசையில் முன்னோக்கி உலுக்குவார்கள். தலை எதில் மோதுகிறது, எவ்வளவு பலமாக என்று அளப்பார்கள். மெத்தையைத் தீயில் காட்டுவார்கள். கதவு இருந்தால், அது சிக்கிக்கொண்டால் ஆள் எப்படி வெளியே வருவார் என்று காட்ட வேண்டும். விமானம் மேலே ஏறும்போதும் தரையிறங்கும்போதும் பணிப்பெண் அந்தக் கதவைத் திறந்தே வைக்கச் சொல்வது இதனால்தான். உங்கள் இடுப்பு பெல்ட் வழக்கத்துக்கு மேல் தடியாக இருந்தால் தடவிப் பாருங்கள். உள்ளே காற்றுப்பை மடித்து வைத்திருக்கும். 2025-ல் லுஃப்தான்சாவுக்குப் புதிய 787 வந்தபோது 28 பிசினஸ் சீட்டில் 4 சீட்டுக்குத்தான் ஆள் உட்கார முதலில் அனுமதி இருந்தது. மீதி 24 புதுமெருகோடு, காலியாக, கூடவே பறந்தன.

இத்தனைக்கும் நடுவே ஒரு சின்ன விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சீட்டுக்கு அடியில் கம்பளத்தின் ஓரத்தைக் கால்விரலால் லேசாக விலக்கிப் பாருங்கள். தரையோடு தரையாக ஓர் அலுமினியத் தண்டவாளம் ஓடும், அதில் வட்ட வட்டமாகத் துளைகள், அங்குலத்துக்கு ஒன்று. விமானத்தில் பயணிகள் உட்காரும் எல்லாச் சீட்டும் இந்தத் துளைகளில்தான் கடித்துக்கொண்டு நிற்கிறது. ஒரு வரிசையை ஓர் அங்குலம் முன்னே தள்ளினால் பின்னால் ஒரு வரிசை கூடுதலாகக் கிடைக்குமா என்று எங்கோ ஓர் அலுவலகத்தில் மண்டையை உடைத்துக்கொண்டிருப்பார்கள். நம் முட்டி அந்தத் துளைகளின் கணக்குக்குள் அடக்கம்.

அடுத்து, புதுசா, புதுசு மாதிரி பூசியதா என்று பார்ப்பது. இதற்கு நம் ஆம்னி பஸ்களைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. பெங்களூரு-சேலம் சாலையில் ராத்திரி ஓடும் ஸ்லீப்பர் வண்டியில் ஏறி, நீல விளக்கையும் புது ரெக்சின் கவரையும் பார்த்து ஏமாறாதவர் யார்? பழகியவர்கள் பெர்த்தின் கால்மாட்டுப் பலகையை ஒரு தட்டுத் தட்டுவார்கள். கிடுகிடு என்றால் கவர் மட்டும் புதுசு. கரூரில் முழுசாகப் புது பாடி கட்டிய வண்டியின் சத்தமே வேறு. விமானத்திலும் இந்த இரண்டு வகை வைத்தியமும் உண்டு. மெத்தை, துணி, கம்பளம் மாற்றுவது மலிவு. சட்டத்தையே மாற்றுவது பல கோடி, அதுவரை விமானம் சம்பாதிக்காமல் நிற்கும். துணி புதுசாக இருந்து, ரிமோட் வயரோடு தொங்கி, சார்ஜர் துளை பழைய வகையாக இருந்தால் உங்களுக்குக் கிடைத்தது கவர் மாற்றிய பஸ்.

மெத்தையை மட்டமாகச் சொல்லவில்லை. 2023 செப்டம்பரில் புது வந்தே பாரத் வண்டிகள் வந்தபோது ரயில்வே சொன்ன 25 மாற்றங்களில் மெத்தையின் கடினத்தைச் சரிசெய்ததும், சாய்வைக் கூட்டியதும், எக்சிகியூட்டிவில் கால்தாங்கியை நீட்டியதும் இருந்தன. பயணிகள் புலம்பியதைக் கேட்டிருக்கிறார்கள். சீட்டைத் திருத்துகிறவர்களும் கடைசியில் காலுக்குத்தான் வந்து சேர்கிறார்கள்.

என் சொந்த அனுபவம் ஒன்று. மகள் சேர்த்து வைத்திருந்த பாயின்ட்டில் ஒரே ஒருமுறை பெங்களூரிலிருந்து பிசினஸ் கிளாஸில் போனேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். நடுவானில் படுக்கையாக்கிய சீட் விடியற்காலையில் எழும்ப மறுத்துவிட்டது. பொத்தானை அமுக்கினால் ஒரு முனகல், அவ்வளவுதான். பணிப்பெண் வந்து, "பயப்படாதீங்க அங்கிள்" என்று சொல்லிவிட்டு மண்டிபோட்டு, சீட்டின் அடியில் கையை விட்டு, ஒரு சிவப்பு வாரைப் பிடித்து இழுத்தார். இன்னொரு கையால் சாய்மானத்தை முட்டுக்கொடுத்துத் தள்ளினார். டக்கென்று நிமிர்ந்தேன். பல லட்ச ரூபாய் இயந்திரம், கடைசியில் ஒரு வாரும் ஒரு பெண்ணின் தோள் பலமும். நியாயமாகக் கோபம் வந்திருக்க வேண்டும். எனக்கோ அந்த வார் எங்கே மாட்டியிருக்கிறது என்று குனிந்து பார்க்கத்தான் தோன்றியது. அவரும் சிரித்துக்கொண்டே காட்டினார்.

ஊர் திரும்பி, தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் பென்னாகரம் வண்டியில் ஏறினேன். எனக்கு முன்னால் ஏறிய பெரியவர் கையில் ஒரு மஞ்சள் பை. பாதி பஸ் காலி. பின்பக்கம் ஜன்னலோரச் சீட் ஒன்றுக்குப் போனவர் உட்காரவில்லை. குனிந்து கீழே பார்த்தார். சக்கரத்துக்கு மேல் வருகிற சீட் அது, தரை மேடாகப் புடைத்திருக்கும், உட்கார்ந்தால் முட்டி தாடையைத் தொடும். பையை எடுத்துக்கொண்டு இரண்டு வரிசை முன்னால் வந்து உட்கார்ந்தார். காலை நீட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகுதான் கண்டக்டரிடம் சில்லறையை நீட்டினார்.