ஒரு குழந்தைக்கு ஒரு புரவலர்

சென்னையில் சாந்தோம் முதல் அடையாற்று முகத்துவாரம் வரை நீளும் கடற்கரையில் மாதா கோயில்களும் மிஷன் பள்ளிகளும் நொச்சிக்குப்பம், சீனிவாசபுரம் போன்ற மீனவர் குடியிருப்புகளும் ஒன்றையொன்று ஒட்டியே நிற்பதால், ஏழைக் குழந்தைகளின் வாழ்வில் கிறிஸ்தவ ஸ்தாபனங்கள் செய்த நன்மையையும் செய்யத் தவறியதையும் எடைபோட விரும்புகிறவர் வெகுதூரம் போகவேண்டியதில்லை. காது கேளாத பிள்ளையை வீட்டு மூலையில் உட்காரவைத்துவிட்டு விதியை நொந்துகொள்வதே வழக்கமாயிருந்த காலத்தில், அப்பிள்ளைக்கும் எழுத்தறிவிக்க முடியும் என்று சாந்தோமிலும், ஜெமினி மேம்பாலத்துக்கு அருகே லிட்டில் ஃப்ளவர் கான்வென்டிலும் பள்ளி நடத்திக் காட்டியவை அந்த ஸ்தாபனங்களே. பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட் 1894-இல் அடையாற்றுப் பக்கம் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய இலவசப் பள்ளியும், 1905-இல் மயிலாப்பூரில் தோன்றிய ராமகிருஷ்ண மிஷன் மாணவர் இல்லமும் வேறு சமய நோக்கில் பிறந்தவையே; ஆயினும், ஏழைப் பிள்ளையின் படிப்பு சமயவாதிகளுக்கும் ஒரு கடமை என்ற எண்ணத்தை இந்நகரில் வேரூன்றச் செய்ததில் கிறிஸ்தவ மிஷன்களுக்குப் பெரும்பங்கு உண்டென்பது என் அபிப்பிராயம்.

பள்ளிகளின் சரித்திரம் பலரும் எழுதியது. அதிகம் ஆராயப்படாமல் விடப்பட்டிருப்பது, நம் பேட்டைகளில் ‘ஸ்பான்சர்’ என்ற ஒரே சொல்லால் குறிக்கப்படும் ஏற்பாடாகும். அதாவது, அயல்நாட்டில் வாழும் ஒரு புரவலர் மாதந்தோறும் ஒரு தொகை அனுப்ப, இங்குள்ள ஒரு குறிப்பிட்ட குழந்தையின் படிப்பும் போஷணையும் அவர் பெயரில் நடைபெறுவது. கொரியப் போரின் அநாதைகளைக் கண்டு மனம் கசிந்த இரண்டு அமெரிக்கப் பிரசங்கிகளின் முயற்சியால், 1950-இல் வேர்ல்டு விஷனும் 1952-இல் கம்பாஷனும் உருவாயின. இவ்விரண்டுக்கும் சென்னையோடு நெருங்கிய சம்பந்தம் உண்டு. வேர்ல்டு விஷனின் இந்தியத் தலைமையகம் தியாகராய நகரை அடுத்த கோடம்பாக்கத்தில் இருக்கிறது. 1968 முதல் இந்தியாவில் பணியாற்றிய கம்பாஷனின் இரண்டு இந்தியத் துணை ஸ்தாபனங்களுள் ஒன்றான கருணா பால் விகாஸ் சென்னையிலிருந்தே இயங்கியது.

இந்த முறையின் சிறப்பை முதலில் மனம்விட்டுச் சொல்லிவிட வேண்டும். கம்பாஷன் திட்டத்தில் குழந்தைகளாக இருந்து வளர்ந்தவர்களையும், அதே குடும்பங்களிலும் ஊர்களிலும் இருந்து அந்த உதவி கிட்டாதவர்களையும் இந்தியா உள்ளிட்ட ஆறு நாடுகளில் ஒப்பிட்டுப் பார்த்த புரூஸ் வைடிக் முதலிய பொருளாதார அறிஞர்கள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்களைக் கொண்டு 2013-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், உதவி பெற்றவர்கள் ஏறத்தாழ ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கூடுதலாகப் படித்திருந்தனர் என்றும், உயர்நிலைப் படிப்பை முடிப்பதிலும் அலுவலக உத்தியோகம் பெறுவதிலும் முன்னின்றனர் என்றும் கண்டனர். தர்ம காரியங்களில் எத்தனையோ கோடிகள் கரைந்தும் பலன் தெரியாத உலகில் இது சாமானியமான வெற்றியன்று.

இவ்வெற்றிக்குக் காரணம் பணம் மட்டுமே என்று நான் கருதவில்லை. சாயங்காலம் பள்ளி விட்டதும் கிறிஸ்தவச் சபையின் கோயில் மண்டபத்துப் பாயில் வந்து அமரும் பிள்ளைக்குச் சுண்டலும் ட்யூஷனும் கிடைக்கின்றன; ஆண்டுதோறும் எடையும் உயரமும் குறிக்கப்படுகின்றன; இரண்டு நாள் வராமற்போனால் ட்யூஷன் எடுக்கும் ‘மிஸ்’ வீடு தேடி வந்து, “ஏம்மா, பாப்பாவ ரெண்டு நாளா காணோமே, உடம்பு சரியில்லையா?” என்று வாசலில் நின்று கேட்கிறாள். மீன் கூடையோடு விடியுமுன் புறப்படும் தாயும், கடலோடு போராடி வந்து உறங்கும் தகப்பனும் எவ்வளவு பாசமுள்ளவர்களாயினும் கேட்க நேரமற்ற அந்தக் கேள்வியை, ஒரே மனுஷி பத்து வருஷம் விடாமல் கேட்டுவந்தால் பிள்ளையின் போக்கு மாறத்தான் செய்யும். குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதியில் அடைக்காமல் வீட்டிலேயே வைத்து வளர்ப்பது இதன் மற்றொரு மேன்மை. மாமல்லபுரத்து அநாதை இல்லங்களில் குழந்தைகளுக்கு நேர்ந்த கொடுமை பற்றிய செய்தியிலிருந்து 2007-இல் எழுந்து, 2017 மே மாதம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் முடிந்த வழக்கை அறிந்தவர்களுக்கு, இந்த மேன்மையின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

குறைகளுள் எனக்கு மிகவும் வருத்தம் தருவது கடிதம். ஓரத்தில் பூ அச்சிட்ட தாளைப் பிள்ளைகளுக்குக் கொடுத்து, “நான் நலம், நீங்கள் நலமா, உங்களுக்காக ஜெபிக்கிறேன்” என்று சொல்லச்சொல்ல எழுதவைத்து, மொழிபெயர்த்து, புகைப்படத்தோடு கடல் கடந்து அனுப்பும்போது, எட்டு வயதுக் குழந்தை தன் தரித்திரத்தையும் நன்றியையும் ஒருங்கே கற்றுக்கொள்கிறது. புரவலரின் மனம் ஒட்டுதல் கொள்வதற்கு இது அவசியம் என்று ஸ்தாபனங்கள் கூறும் சமாதானத்தில் உண்மை இருக்கலாம். ஆனால் கொடுப்பவரின் மனநிறைவுக்காகப் பெறுபவரைக் காட்சிப்பொருளாக்குவது, தர்மத்தை மறைவில் செய்யும்படி போதித்த மலைப்பிரசங்கத்துக்கே முரணானது. 1982-இல் நியூ இண்டர்நேஷனலிஸ்ட் என்ற ஆங்கிலப் பத்திரிகை, இக்குழந்தைக்குப் புரவலராகாதீர்கள் என்று பொருள்படும் தலைப்பிட்டு ஓர் இதழே வெளியிட்டது. 1998-இல் சிகாகோ ட்ரிப்யூன் நிருபர்கள் தாங்களே புரவலர்களாகச் சேர்ந்து துப்புத் துலக்கியபோது, இறந்துபோன குழந்தையின் பெயரிலும் பணம் வாங்கப்பட்டு வந்தது வெளிப்பட்டது. அதற்குப் பிறகு கணக்கு வழக்குகள் திருந்தின. கடிதம் மட்டும் நிற்கவில்லை.

ஒரு தெருவில் நாலு பிள்ளைகளுக்குப் புதுப்பையும் கிறிஸ்துமஸ் சட்டையும் வந்து, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வராமலிருப்பதும் சிறிய விஷயமல்ல. தியாகராய நகர் யார் பெயரைத் தாங்கி நிற்கிறதோ அந்தப் பிட்டி தியாகராயர் சென்னை நகராண்மையின் தலைவராயிருந்தபோது, 1920-இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கிய மதிய உணவில் இத்தகைய தேர்வு இல்லை. வந்து உட்கார்ந்த பிள்ளைகள் எல்லோருக்கும் இலை போடப்பட்டது. காமராஜரும் எம்.ஜி.ஆரும் அதைத் தமிழகமெங்கும் விரித்தனர். 2022 முதல் காலை உணவும் சேர்ந்தது. பசியாற்றுவது அரசின் கடமை, அதை அரசே நன்றாகச் செய்யும் என்பதைத் தமிழ்நாடு நிரூபித்துவிட்டபின், சபைகள் அரிசி பருப்பில் செலவிடும் பணம் வேறிடத்துக்குப் போகவேண்டும் என்றே தோன்றுகிறது.

மதமாற்றம் பற்றிய குற்றச்சாட்டை, ஆத்திரமின்றியும் மழுப்பலின்றியும் நோக்க வேண்டும். அரசு மானியமோ அங்கீகாரமோ பெற்ற பள்ளியில், சிறுவர்க்குச் சமய போதனை செய்யக் காப்பாளரின் சம்மதம் வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 28-ஆம் ஷரத்து கூறுகிறது. சாயங்கால மண்டபத்துக்கு அந்தச் சட்டம் எட்டாவிட்டாலும் அதன் நியாயம் எட்டும். ஃபீஸ் கட்டுகிறவரிடம் “எங்கள் பிள்ளைக்கு பைபிள் கதை வேண்டாம்” என்று சொல்லத் துணியும் தாய் எத்தனை பேர்? தவிரவும், 1950-ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணையின்படி கிறிஸ்தவராகும் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் பட்டியல் சாதிச் சான்றிதழையும் அதன் சலுகைகளையும் இழக்கின்றனர். அந்த ஆணை அநியாயமானது என்பதே என் துணிபு. எனினும் அது நீடிக்கும்வரை, தனக்கென்று ஒரு முடிவெடுக்கும் வயதடையாத பிள்ளையை அந்த நஷ்டத்தின் பக்கம் அழைத்துப்போவது பரோபகாரமாகாது.

இவ்வளவு குறைகளும் சேர்ந்து செய்யாத சேதத்தைச் சட்டம் செய்தது. 2016-இல் உள்துறை அமைச்சகம் கம்பாஷனை, இங்கே பணம் அனுப்ப முன்அனுமதி பெறவேண்டியோர் பட்டியலில் வைத்ததையடுத்துப் பணவரவு அடைபட்டு, 2017 மார்ச் 15-இல் அது இந்தியாவை விட்டு விலகியது. அப்போது அதன் பராமரிப்பில் ஏறத்தாழ 1,45,000 குழந்தைகள் இருந்தனர். 2020-இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டு, ஒரு ஸ்தாபனம் தான் பெற்ற தொகையை மற்றொன்றுக்குக் கைமாற்றுவதே தடைசெய்யப்பட்டது. 2024 ஜனவரியில் வேர்ல்டு விஷன் இந்தியா அச்சட்டத்தின்கீழ் பெற்றிருந்த பதிவும் ரத்தானது. அயல்நாட்டுப் பணத்துக்குக் கணக்குக் கேட்க அரசுக்கு அதிகாரமுண்டு; ஆனால் பரீட்சை நெருங்கும் மாதத்தில் பிள்ளைகளின் ட்யூஷன் நின்றுபோவதைத் தடுக்க, அவர்களை வேறு பொறுப்பில் ஒப்படைக்கும் ஏற்பாடு எதுவுமின்றி அவ்வதிகாரத்தைச் செலுத்தியது கொடுமை. ஆற்றங்கரைக் குடிசைகளிலிருந்து படிப்பாண்டின் நடுவே நகரின் புறத்தேயுள்ள பெரும்பாக்கத்துக்குப் பெயர்க்கப்பட்ட பிள்ளைகளிடமும் அரசு இதே அசட்டையைக் காட்டியது.

எனினும் சபைகளை நோக்கியும் ஒரு கேள்வி எழுகிறது. அமெரிக்க டாலர் நின்றதால் மண்டபம் இடிந்துவிடவில்லை. ‘மிஸ்’ ஊரைவிட்டுப் போய்விடவில்லை. ஞாயிறு காலை மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் கோயில் வாசலில் வரிசையாக நிற்கும் கார்களின் சொந்தக்காரர்கள் தரித்திரர்களுமல்லர். ஐம்பது வருஷ காலம் தூரதேசத்தார் கொடுக்க, நாம் வாங்கிப் பகிர்ந்தளிக்கும் ஏஜெண்டுகளாகவே இருந்து பழகிவிட்டதால், அண்டை வீட்டுப் பிள்ளைக்குப் புரவலராகும் வழக்கம் நம் சபைகளில் வளராமலே போயிற்று. இம்முறையின் ஆகப்பெரிய தோல்வியாக நான் கருதுவது இதையே.

ஆகவே சாந்தோம், மயிலாப்பூர், அடையாறு, தியாகராய நகர்ச் சபைகளின் கமிட்டியாரை நான் கேட்டுக்கொள்வது இது. வருகிற ஜூனில் பள்ளி திறக்குமுன், உங்கள் பேட்டையில் ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளின் பட்டியலை எந்த மதமென்று கேளாமல் எடுத்து, சாயங்கால மண்டபத்தைத் திறந்து வைத்து, அங்கே உட்காரும் ஆசிரியைக்கு ஒழுங்கான சம்பளம் கொடுங்கள். அப்பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்வரை அந்தச் செலவை உங்கள் காணிக்கையிலிருந்தே ஏற்றுக்கொள்ளுங்கள். அவர்களிடம் ஒரு கடிதமும் கேட்காதீர்கள்.