ஒரு போல்ட்டை முன்னால் எறிந்துவிட்டு

கையில் துப்பாக்கி இருக்கிறது. ஆனாலும் அதைத் தாழ்த்திவிட்டு, பையிலிருந்து துருப்பிடித்த போல்ட் ஒன்றை எடுத்து முன்னால் வீசுகிறோம். புல்லில் விழுகிறது, ஒன்றும் ஆகவில்லை. நாலடி நடக்கிறோம். அடுத்த போல்ட். இந்த முறை அது விழுந்த இடத்தில் காற்று சுருண்டு இழுத்துப் படாரென்று வெடிக்கிறது. அங்கே கால் வைத்திருந்தால் பொறுக்குவதற்குக்கூட எதுவும் மிஞ்சியிருக்காது. வலப்பக்கம் ஒதுங்கி இன்னொன்றை எறிகிறோம். ஒரு பொட்டலைக் கடக்கப் பத்து நிமிடம் ஆகிறது. ஒரு தோட்டாகூடச் செலவாகவில்லை.

2007 மார்ச்சில் வெளிவந்த ‘ஸ்டாக்கர்: ஷேடோ ஆஃப் செர்னோபில்’ விளையாட்டைக் கடைக்காரர்கள் ‘ஃபர்ஸ்ட் பெர்சன் ஷூட்டர்’ அலமாரியில்தான் வைத்தார்கள். திரையே நம் கண். கீழ்மூலையில் நீட்டிக்கொண்டிருக்கும் துப்பாக்கியே நம் கை. 1993இல் வந்த ‘டூம்’ இந்த வகைக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் எளிமையானது: ஓடு, சுடு, நிற்காதே. உலகம் அழிந்த பிறகு நடப்பதாகக் கதை சொல்லும் விளையாட்டுகளில் நல்லவை எல்லாம் அந்தப் பாடத்தைப் பாதி மறந்தவை. அவற்றில் சுடுவதைவிட எண்ணுவதற்கே அதிக நேரம் போகிறது. எத்தனை தோட்டா மிச்சம், முகமூடியின் ஃபில்டர் எத்தனை நிமிடம் தாங்கும், முதுகுப்பை இன்னும் எத்தனை கிலோ சுமக்கும், ரொட்டி இருக்கிறதா. இருபத்தைந்தாம் தேதிக்கு மேல் வீட்டுச் செலவை ஓட்டிப் பழகியவர்களுக்குத் தெரிந்த கணக்குதான்.

அந்தப் போல்ட்டுக்கு ஒரு வம்சாவளி உண்டு. சோவியத் எழுத்தாளர்களான ஸ்துருகாத்ஸ்கி சகோதரர்கள் 1972இல் வெளியிட்ட ‘ரோட்சைட் பிக்னிக்’ நாவலில், வேற்றுக்கிரகவாசிகள் பூமிக்கு வந்து, நம்மைக் கண்டுகொள்ளாமலே திரும்பிப் போய்விடுகிறார்கள். அவர்கள் இறங்கிய இடங்கள் ‘மண்டலம்’ ஆகின்றன. சுற்றுலாக் கும்பல் விட்டுப்போன குப்பையை எறும்புகள் மோந்து பார்ப்பதுபோல மனிதர்கள் அங்கே திருட்டுத்தனமாக நுழைந்து பொருள் பொறுக்குகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத பொறிகளை அறிய நட்டுகளை எறிந்து எறிந்து முன்னேறுகிறார்கள். அப்படி நுழைபவனுக்குச் சகோதரர்கள் வைத்த பெயர் ‘ஸ்டாக்கர்’. மும்பையில் பிறந்த கிப்ளிங்கின் ‘ஸ்டாக்கி அண்ட் கோ’ என்ற பள்ளிக்கூடக் கதைகளிலிருந்து அந்தச் சொல் தங்களுக்குக் கிடைத்ததாகப் போரிஸ் ஸ்துருகாத்ஸ்கி பின்னாளில் சொன்னார். 1979இல் தர்கோவ்ஸ்கி அந்த நாவலை ஒட்டி ‘ஸ்டாக்கர்’ படத்தை எடுத்தார். ஏழு வருடம் கழித்து, 1986 ஏப்ரல் 26 அதிகாலை, செர்னோபில் அணுமின் நிலையத்தின் நான்காம் உலை வெடித்தது. மறுநாள் மதியம், பக்கத்திலிருந்த பிரிப்யாத் நகரின் ஏறத்தாழ 49,000 பேரையும் பேருந்துகளில் ஏற்றி வெளியேற்றினார்கள். சுற்றிலும் 30 கிலோமீட்டருக்கு வேலி வந்தது. மே தினத்தில் திறப்பதாக இருந்த ராட்டினம் அங்கே இன்னும் நிற்கிறது. வேலி தாண்டித் திருட்டுத்தனமாக உள்ளே போகிறவர்களை உக்ரைனில் இப்போது ஸ்டாக்கர் என்றுதான் அழைக்கிறார்கள். கற்பனையில் பிறந்த ஒரு தொழிலுக்கு நிஜத்தில் ஆள் கிடைத்துவிட்டது.

‘ஸ்டாக்கர்’ விளையாட்டை உருவாக்கிய, கீவ் நகரத்தின் ஜிஎஸ்சி கேம் வேர்ல்ட் நிறுவனம் 2001இல் முதலில் அறிவித்தது ‘ஆப்லிவியன் லாஸ்ட்’ என்ற வேறொரு விண்வெளி விளையாட்டு. கீவிலிருந்து வடக்கே சுமார் 100 கிலோமீட்டர் போனால் செர்னோபில். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு நிஜ மண்டலம் இருக்க, அந்நியக் கிரகம் எதற்கு என்று அவர்களுக்கே தோன்றியிருக்க வேண்டும். உள்ளே போய்ப் படமெடுத்து வந்தார்கள். அந்தச் சுவர்களின் உரிந்த பெயின்ட்டும் கட்டட முகப்புகளும் விளையாட்டுக்குள் அப்படியே ஏறின. வெளியீடு வருடக்கணக்கில் தள்ளிப்போனது. வராமலே போகப்போகும் விளையாட்டு என்று கேலி செய்யாதவர் குறைவு.

வந்தபோது அது அரைகுறையாகவும் அற்புதமாகவும் இருந்தது. தொடக்கத்தில் கையில் கொடுக்கப்படும் மகரோவ் கைத்துப்பாக்கியின் தோட்டாக்கள், குறிவைத்த இடத்தைத் தவிர எல்லா இடத்துக்கும் போகும். துப்பாக்கி நடுச்சண்டையில் சிக்கிக்கொள்ளும். கதிர்வீச்சு ஏறினால் வோட்கா குடித்து இறக்கலாம். பிறகு திரை முழுக்கத் தள்ளாடும். ‘ஏ-லைஃப்’ என்று அவர்கள் பெயரிட்ட ஏற்பாட்டில், நாம் பார்க்காதபோதும் நாய்க்கூட்டங்கள் இடம்பெயரும், கொள்ளையர்கள் முகாம் மாறுவார்கள், நேற்றுப் பேசிய ஆள் இன்று எங்கோ செத்துக்கிடப்பான். நமக்காகக் காத்திருக்காத உலகம் என்ற உணர்வை அதற்கு முன் எந்தத் துப்பாக்கி விளையாட்டும் எனக்குத் தந்ததில்லை. இரவில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து ஒருவன் கிதார் வாசிப்பான், பக்கத்திலிருப்பவன் ஒரு ஜோக் சொல்வான். ரஷ்ய மொழியில். ஒரு வார்த்தை புரியாது. இருந்தும் நான் துப்பாக்கியை இறக்கிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன், விடியும்வரை.

நான் இதை விளையாடியது மின்வெட்டு உச்சத்திலிருந்த காலத்தில். கைகர் கருவியின் ‘டிக்... டிக்டிக்’ சத்தம் நெருங்கும்போதெல்லாம் மேசைக்கடியில் யுபிஎஸ் கத்துகிறதா என்று குனிந்து பார்ப்பேன். பல நேரம் இரண்டும் சேர்ந்தே கத்தும்.

அந்த மண்டலத்தின் மையத்தில், உலைக்குள், விருப்பத்தை நிறைவேற்றும் ஒரு கல் இருக்கிறது. நாம் கேட்கும் வரத்தை அது நம் நடத்தையைப் பார்த்துத் தானே முடிவுசெய்யும். பணம் சேர்த்துக்கொண்டே வந்தவனுக்குப் பணம்தான் வரம். தங்கம் மழையாகக் கொட்டுவதுபோல ஒரு மயக்கம். நிஜத்தில் மேலிருந்து இரும்பு கொட்டி ஆள் நசுங்கிச் சாகிறான். பஸ்மாசுரன் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இதில் வியப்பில்லை. ஆனாலும் முப்பது மணிநேரம் காசுக்குக் காசு பார்த்துவிட்டு இந்த முடிவை வாங்கிக்கொண்டபோது கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

ஜிஎஸ்சியிலிருந்து பிரிந்துபோன சிலர் தொடங்கியது 4ஏ கேம்ஸ். அவர்கள் எடுத்துக்கொண்டது திமித்ரி குளுகோவ்ஸ்கியின் ‘மெட்ரோ 2033’. 2002 முதல் இணையத்தில் இலவசமாகவும் பிறகு அச்சிலும் வந்த நாவல். அணுப்போருக்குப் பின் மாஸ்கோவின் சுரங்க ரயில் நிலையங்களுக்குள் மிச்ச சனங்கள் வாழ்கிறார்கள். நிலையத்துக்கு நிலையம் ஒரு குட்டி அரசு. 2010இல் வந்த விளையாட்டில் இந்தக் கணக்குப் பார்க்கும் கலை அதன் உச்சத்தைத் தொட்டது.

அங்கே பணம் என்பது தோட்டா. போருக்கு முன் ராணுவத்துக்காகச் செய்த நல்ல தோட்டாக்கள் செலாவணி. பிற்பாடு சுரங்கத்துக்குள் குத்துமதிப்பாகச் செய்தவை சுடுவதற்கு. நல்லதையும் துப்பாக்கியில் போடலாம், கூடுதலாகக் காயப்படுத்தும். ஆனால் விசையை அழுத்தும் ஒவ்வொரு முறையும் நம் காசுதான் குழல் வழியே பறக்கிறது. ஒரு மிருகம் பாய்ந்து வரும்போது, சில்லறை போதுமா நோட்டை எடுக்கலாமா என்று தடுமாறும் அந்த அரை விநாடிக்கு நிகரான ஒன்றை நான் வேறெந்த விளையாட்டிலும் கண்டதில்லை. டார்ச் மங்கினால் கையால் அழுத்தி அழுத்தி மின்னேற்ற வேண்டும். மேலே, தரைக்குப் போனால் வாயு முகமூடி. ஃபில்டர் தீரத் தீர மூச்சு கனக்கிறது, கண்ணாடியில் ஆவி படிகிறது. அடி பட்டால் விரிசல் விடும். செத்துக்கிடப்பவன் முகத்திலிருந்து கழற்றி மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். 2013இல் வந்த ‘மெட்ரோ: லாஸ்ட் லைட்’டில் முகமூடிக் கண்ணாடியைத் துடைப்பதற்கென்றே ஒரு பொத்தான் வைத்தார்கள். ரத்தமோ மழைத்துளியோ தெறித்தால் கை வந்து துடைத்துவிட்டுப் போகும். அதனால் ஒரு எதிரியும் சாவதில்லை, ஒரு புள்ளியும் கூடுவதில்லை. விளையாடியவர்கள் பல வருடம் கழித்தும் முதலில் நினைவுகூர்வது அதைத்தான்.

‘லாஸ்ட் லைட்’ தயாரான விதமும் கதைக்குப் பொருத்தமாக இருந்தது. வெளியீட்டு நிறுவனமான டிஎச்கியூவின் தலைவராக இருந்த ஜேசன் ரூபின், அந்நிறுவனம் திவாலான பின் எழுதினார்: பெரிய போட்டியாளர்கள் செலவழிப்பதில் வெறும் பத்தில் ஒரு பங்குப் பணத்தில், மடக்கு நாற்காலிகளில் முழங்கை இடிக்க உட்கார்ந்து, குளிரிலும் மின்தடையிலும் கீவில் அந்தக் குழு வேலை செய்தது என்று. திரைக்கு இருபுறமும் ஒரே பஞ்சம்.

அமெரிக்க மரபு வேறு. பெதஸ்டா நிறுவனத்தின் ‘ஃபால்அவுட் 3’ (2008) வாஷிங்டனின் இடிபாடுகளில் நடக்கிறது. 1950களின் விளம்பரச் சிரிப்பும் பழைய வானொலிப் பாட்டும் அணுச் சாம்பலும் கலந்த கறுப்பு நகைச்சுவை. நிலவறைக் கதவு திறந்து கண்கூசும் வெளிச்சத்தில் அந்தப் பாழ்வெளி விரியும் கணம் பெரிய சாதனைதான். ஆனால் பத்து மணிநேரத்தில் நம் பை ஊசியாலும் தோட்டாவாலும் நிரம்பிவிடுகிறது. பஞ்சம் வெறும் அலங்காரமாகிறது. இதற்கு இந்தியாவில் ஒரு கிளைக்கதை உண்டு. 2008 அக்டோபரில், பண்பாட்டு உணர்வுகளைக் கருதி இதன் எக்ஸ்பாக்ஸ் பதிப்பை இந்தியாவில் வெளியிடப்போவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. எந்த உணர்வு என்று விளக்கவில்லை. விளையாட்டில் கதிர்வீச்சால் இரட்டைத் தலை வளர்ந்த மாடுகள் உண்டு, அவற்றின் பெயர் ‘பிராமின்’ என்பதைக் காட்டி ஆட்டக்காரர்கள் தாங்களே காரணத்தை ஊகித்துக்கொண்டார்கள்.

ஐடி சாஃப்ட்வேரின் ‘ரேஜ்’ (2011) வானத்தை அழகாக வரைந்து, அதற்குக் கீழே எதையும் வைக்க மறந்தது. வால்வின் ‘ஹாஃப்-லைஃப் 2’ (2004) அப்படியல்ல. அதன் கலை இயக்குநர் விக்டர் அந்தோனோவ் பல்கேரியாவின் சோபியாவில் பிறந்தவர். சிட்டி 17 என்ற அந்த நகரத்தின் படிக்கட்டுகளும் டிராம் கம்பிகளும் அங்கிருந்து வந்தவை. கடல் உள்வாங்கிப்போன ஒரு கரையோரம், தண்ணீரில்லாமல் அந்தரத்தில் நிற்கும் படகுத்துறைகள். யாரும் நமக்கு விளக்கம் சொல்வதில்லை. பார்த்துக்கொண்டே கடந்து போகிறோம்.

மனிதர்களே ஆபத்தாக மாறிய விளையாட்டு ‘டேஇசட்’. நியூசிலாந்து ராணுவத்தில் இருந்த டீன் ஹால், புரூணையில் உயிர்பிழைப்புப் பயிற்சியின்போது பட்ட பசியிலிருந்து இந்த யோசனையைப் பெற்றார். 2012இல் ‘ஆர்மா 2’ விளையாட்டின் மேல் ஒட்டுப்போட்டதாக இது வந்தது. 225 சதுர கிலோமீட்டர் நிலம், நடைப்பிணங்கள், ஒரு டப்பா பீன்ஸ். கூடவே முகம் தெரியாத மற்ற ஆட்டக்காரர்கள். தூரத்தில் ஒருவன் ‘ஃப்ரெண்ட்லி’ என்று மைக்கில் கத்துவான். நம்புவதா? நான் இரண்டு முறை நம்பினேன். ஒருவன் கட்டுப்போட்டு உயிர் காத்தான். மற்றவன் என் காலணியைக்கூட விட்டுவைக்கவில்லை.

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படைகள் செர்னோபில் மண்டலத்துக்குள் நிஜமாகவே புகுந்தன. மார்ச் இறுதிவரை இருந்தன. ஜிஎஸ்சி ஊழியர்களில் பலர் பிராகுக்கு இடம்பெயர்ந்தார்கள், சிலர் போர்முனைக்குப் போனார்கள். ‘ஸ்டாக்கர்’ வரிசையின் ‘கிளியர் ஸ்கை’யில் பணியாற்றிய வொலோதிமிர் யெஜோவ் அந்த டிசம்பரில் பாக்முத் அருகே கொல்லப்பட்டார். ரஷ்யரான குளுகோவ்ஸ்கிக்கு, தன் நாட்டுப் படையெடுப்பை எதிர்த்துப் பேசியதற்காக, அவர் நாட்டில் இல்லாத நிலையிலேயே 2023இல் எட்டாண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஜிஎஸ்சி பாதி செய்திருந்த ‘ஸ்டாக்கர் 2’ விளையாட்டின் தலைப்பிலும் ஓர் எழுத்து மாறியது: ரஷ்ய உச்சரிப்பான செர்னோபில் போய், உக்ரைனிய உச்சரிப்பான சோர்னோபில் வந்தது.

‘ஸ்டாக்கர் 2’ 2024 நவம்பர் 20 அன்று வெளிவந்தது. ஏ-லைஃப் ஏறக்குறைய வேலையே செய்யவில்லை; ஆளில்லாத வெட்டவெளியில் நம் முதுகுக்குப் பின்னால் திடீரென்று பகைவர்கள் முளைத்தார்கள். அடுத்தடுத்த வாரங்களில் சரிசெய்துகொண்டே போனார்கள். இரண்டே நாளில் பத்து லட்சம் பிரதிகள் விற்றன. எல்லாரும் ஒரே நேரத்தில் தரவிறக்கியதால் வெளியான அன்று உக்ரைனில் இணைய வேகமே குறைந்தது. மின்கட்டமைப்பின் மேல் ஏவுகணைகள் விழுந்துகொண்டிருந்த அந்த வாரத்தில், கரண்ட் இருக்கும் நேரம் பார்த்து அவர்கள் விளையாடியிருப்பார்கள்.

அதன் நாயகன் ஸ்கிஃப் பொருளுக்காகவோ புகழுக்காகவோ மண்டலத்துக்குள் போகிறவனல்ல. எங்கிருந்தோ வந்த ஒன்று அவன் குடியிருந்த வீட்டைத் தரைமட்டமாக்கிவிட்டது. அது எப்படி அங்கே வந்தது என்று தெரிந்துகொள்ளத்தான் அவன் வேலியைத் தாண்டுகிறான்.